பேரரசுக் காலம் முடிந்த பிறகு

பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இசை இரட்டையரின் பெயரை எடுத்தாலே என் வயதை ஒத்த நண்பர்கள் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அவர்கள் இன்னுமா பாடிக்கொண்டிருக்கிறார்கள்?" பாடிக்கொண்டிருக்கிறார்கள். 2022 மே மாதத்தில் மிலான் நகரில் தொடங்கிய 'ட்ரீம்வேர்ல்ட்' இசைப்பயணம் ஆண்டுக்கணக்கில் நீண்டிருக்கிறது. அதற்கு நடுவே 2024 ஏப்ரலில் அவர்களுடைய 15ஆவது ஸ்டுடியோ ஆல்பமான 'நன்தலெஸ்' வெளிவந்தது. நூற்றாண்டு கண்ட ஒரு மௌனப் படத்துக்கு அவர்கள் முன்பு அமைத்த இசை, 2025இல் அந்தப் படத்தோடு சேர்ந்து மீண்டும் வெளியானது. பாடகர் நீல் டென்னன்ட் 2024 ஜூலையில் எழுபது வயதை எட்டினார். கீபோர்டு வாசிக்கும் கிறிஸ் லோ அவரைவிட ஐந்து வயது இளையவர். இந்த வயதில் இவர்கள் செய்துவரும் வேலையை, எண்பதுகளில் அவர்கள் பெற்ற வெற்றிகளைவிட மேலானதாக நான் மதிக்கிறேன். அது ஏன் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இருவரும் சந்தித்தது 1981 ஆகஸ்டில், லண்டன் கிங்ஸ் ரோட்டிலிருந்த ஒரு மின்னணுப் பொருள் கடையில். டென்னன்ட் வரலாறு படித்தவர். 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பாப் இசைப் பத்திரிகையில் பின்னர் வேலை பார்த்தவர். லோ கட்டிடக்கலை மாணவர். 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாடல் 1984இல் முதல்முறை வெளிவந்தபோது பிரிட்டனில் பெரிதாக எடுபடவில்லை. ஸ்டீபன் ஹேக்கின் தயாரிப்பில் அதைப் புதிதாகப் பதிவுசெய்த பிறகுதான், 1986 ஜனவரியில் பிரிட்டனிலும் அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவிலும் பாடல் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. அதற்குப் பின் வந்த இரண்டு மூன்று ஆண்டுகள் அவர்கள் தொட்டதெல்லாம் துலங்கிய காலம். அதை டென்னன்ட் தம்முடைய 'பேரரசுக் காலம்' என்று குறிப்பிட்டார். இன்று எந்தக் கலைஞருடைய உச்சத்தைப் பற்றி எழுதினாலும் பாப் விமர்சகர்கள் கையாளும் சொல்லாக அது ஆகிவிட்டது. 1988இல் தனியாக வெளியிட்ட ஒரு பாடல் (சிங்கிள்) பிரிட்டிஷ் தரவரிசையில் ஏழாம் இடத்துக்கு மேல் ஏறாமல் நின்றபோதே அந்தக் காலம் முடிந்துவிட்டதை அவர் உணர்ந்துகொண்டார். பத்திரிகையாளராக இருந்து பிறருடைய ஏற்ற இறக்கங்களைக் கவனித்துப் பழகிய கண் அது.

ஆட்சி மூன்றே ஆண்டுகள். அதற்குப் பிந்தைய உழைப்போ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல். பழைய கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது நாம் இந்த இரண்டாவது எண்ணைப் பொருட்படுத்துவதே இல்லை. நம் இளமையை நமக்குத் திருப்பித் தந்துவிட்டுப் போகும்படி அவர்களிடம் கேட்கிறோம். புதிய பாடலைத் தொடங்கினால் கொஞ்சம் தண்ணீர் குடித்து வரலாம் என்று எழுந்து போகிறோம். நானும் அப்படி எழுந்து போனவன்தான். அது தவறு என்று 'நன்தலெஸ்' எனக்கு உணர்த்தியது.

பெருந்தொற்றுக் காலத்தில் உருவாகத் தொடங்கிய பாடல்கள் அவை. அவர்களைவிட மிகவும் இளையவரான ஜேம்ஸ் ஃபோர்டு தயாரித்தார். சின்தசைசர் ஒலிகளுக்கு இணையாக அசலான நரம்பிசைக் குழுவும் ஆல்பம் முழுவதும் கேட்கிறது. 1961இல் பாரிஸில் சோவியத் பிடியிலிருந்து விலகி மேற்கில் தங்கிவிட்ட நடனக் கலைஞர் ருடால்ஃப் நுரேயெவைப் பற்றி ஒரு பாடல். எழுபதுகளில் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த ஓர் இளைஞனைப் பற்றி இன்னொன்று. தனிமையைப் பற்றிய பாடல்கூட ஆடத் தூண்டும் தாளத்தில்தான் அமைந்திருக்கிறது. வயதானவர்கள் இளைஞர்களைப் போலக் குரலை மாற்றிப் பாடிய ஆல்பம் இல்லை இது. தாங்கள் யாராக இருந்தோம் என்பதை எழுபதின் வாசலில் நின்று தெளிவாகப் பார்த்தவர்கள் பாடியது. பிரிட்டிஷ் தரவரிசையில் அது இரண்டாம் இடம்வரை சென்றது.

மேலே சொன்ன மௌனப் படம் சோவியத் இயக்குநர் செர்கே ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்'. 1925இல் முடிக்கப்பட்ட அந்தப் படத்துக்கு மறு ஆண்டே எட்மண்ட் மைசல் பெர்லினில் இசையமைத்தார். அதன்பின் காலந்தோறும் வெவ்வேறு இசை அதனுடன் ஒலித்திருக்கிறது. 2004 செப்டம்பரில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், டிரெஸ்ட்னர் சிம்ஃபோனிக்கர் குழுவுடன் சேர்ந்து, கட்டணமில்லாத ஒரு திறந்தவெளித் திரையிடலில் இவ்விருவரும் தம் இசையை வழங்கினார்கள். எத்தனையோ அரசியல் கூட்டங்களைக் கண்ட சதுக்கம் அது. படத்தில் ஒடேசா நகரப் படிக்கட்டுகளில் சிப்பாய்கள் இறங்கிவர மக்கள் சிதறி ஓடும் காட்சியை அங்கே ஆயிரக்கணக்கானோர் நின்றபடி பார்த்தார்கள். பாப் இசைக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். அந்த இசையைக் கேட்டால் பதில் கிடைக்கும். எந்திரத்தின் இடைவிடாத துடிப்பைப் படத்தொகுப்பின் வேகத்தோடு இணைப்பது நடன இசையில் ஊறியவர்களுக்குக் கைவந்த கலை. படத்தின் நூற்றாண்டையொட்டி அந்த இசையை மீண்டும் வெளிக்கொணர்ந்ததை, இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த வேலை இன்னும் முடியவில்லை என்று கருதுகிறவர்களின் செயலாகவே பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் நான் ஒரே அளவில் பாராட்டவில்லை. 'நன்தலெஸ்' வெளிவந்தபோது தங்கள் பழைய பாடல்களில் நான்கை மறுபடி பதிவுசெய்தும் வெளியிட்டார்கள். அவை இல்லாமலே அந்த ஆல்பம் முழுமையாக இருந்தது என்பது என் எண்ணம். பாடல்களைப் புதிய வடிவில் மறுகலவை செய்த 2025இன் 'டிஸ்கோ 5' ரீமிக்ஸ் தொகுப்பில் தங்களுக்குப் பிந்தைய தலைமுறையினரின் பாடல்களையும் எடுத்து இழைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

'ட்ரீம்வேர்ல்ட்' நிகழ்ச்சியோ வெற்றிப் பாடல்களுக்காகவே அமைந்தது. கூட்டம் அதற்காகத்தான் வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் இறுதிப் பகுதியைக் கவனியுங்கள். முதலிடம் பிடித்த 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாடலோடு இரவு முடிவதில்லை. அதற்குப் பிறகு ஒன்று வருகிறது: 'பீயிங் போரிங்'. இளமையில் உடனிருந்து, பின்னர் எய்ட்ஸ் நோயால் இறந்துபோன நண்பரை நினைத்து டென்னன்ட் எழுதிய பாடல் அது. 1990இல், பேரரசுக் காலம் முடிந்த பிறகு, அது வெளியானது. பிரிட்டிஷ் தரவரிசையில் இருபதாம் இடத்தோடு நின்றுவிட்டது. மொத்த அரங்கமும் இன்று அதைச் சேர்ந்து பாடுகிறது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக லோ வழக்கம்போல அசையாமல் கீபோர்டின் பின்னால் நிற்கிறார்.