"நீ என்ன வாங்கின"ன்னு கேக்காதீங்க, மேண்டேட்டைக் காட்டுங்க

பாஸ்புக்ல புரியாத பிடித்தம் விழுந்திருக்குன்னு ஒரு அம்மா வங்கி கவுண்டர்ல கேக்குற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்தம்மாவுக்கு கவுண்டர்ல கிடைச்ச "நீ என்ன வாங்கின"ங்கிற பதிலைக்கூட விடுங்க. கீழே நம்ம மதுரைக்காரங்களே போட்ட கமெண்டுகளைப் படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்லை. "தவணையில வாங்குறப்ப இனிச்சுச்சா?" "கையெழுத்துப் போட்டது யாரு?" வரிசையா இதேதான். அவங்க கேட்டது ஒரே கேள்வி: என் பணம் யாருக்குப் போகுது? அதுக்கு ஒருத்தர்கூட பதில் சொல்லலை.

பாஸ்புக்ல 'ஏசிஎச் டெபிட்'னோ 'நாச்'னோ ஒரு வரி வந்தா, யாரோ ஒரு நிறுவனம் உங்க கணக்குல இருந்து எடுத்துக்கலாம்னு வங்கியில ஒரு உத்தரவு பதிவாகியிருக்குன்னு அர்த்தம். அதுதான் மேண்டேட். ஒவ்வொண்ணுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 20 இடத்துல யுஎம்ஆர்என்னு ஒரு அடையாளம் உண்டு. ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், எல்லாம் அந்தப் பதிவுல இருக்கும். அது உங்க வங்கிகிட்டதான் இருக்கு. அதனால தெரியாத பிடித்தம் வந்தா முதல் பேச்சு "நீ என்ன வாங்கின" இல்லை. "மேண்டேட்டைக் காட்டுங்க."

வாங்கினவங்களுக்கே ஏன் தெரியலைன்னு கேக்குறீங்க. டவுன்ஹால் ரோட்டுலயோ பைபாஸ் ரோட்டுலயோ ஒரு கடையில பிரிட்ஜ் வாங்குறோம். நமக்குத் தெரிஞ்சது கடை பேரு. பாஸ்புக்ல விழறது கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியோட பதிவுப் பேரு, அதுவும் பிரிண்டர்ல இடம் பத்தாம பாதியில வெட்டி. எட்டு எழுத்தை வச்சு யாருன்னு கண்டுபிடிக்கணுமாம்!

கிரெடிட் கார்டுல குழப்பம் வேற மாதிரி. 24,000 ரூபாய் போனை 'வட்டியில்லாத் தவணை'ன்னு ஆறு மாசத்துக்கு, மாசம் 4,000-ன்னு வாங்குறீங்க. வங்கி வருசத்துக்கு 16 சதவீத வட்டி போடுதுன்னு வைங்க. மொத்த வட்டி ஏறக்குறைய 1,081 ரூபாய். அதைக் கடைப்பக்கம் விலையில தள்ளுபடியாக் கழிச்சுடுவாங்க. ஆனா ஸ்டேட்மெண்ட்ல முதல் மாசம் அசல் 3,694, வட்டி 306-ன்னு தனித்தனியா வரும், வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 55 ரூபாய் கூடவே நிக்கும். செயலாக்கக் கட்டணம், அதுக்கும் ஜிஎஸ்டி இன்னொரு வரி. 'வட்டி இல்லை'ன்னு கேட்டு வாங்கினவங்க இதைப் பார்த்து பதறாம என்ன செய்வாங்க? வாங்கினதைத் தவணையா மாத்துறதுக்கு முன்னாடியே அசல், வட்டி, தள்ளுபடி மூணையும் தெளிவாச் சொல்லணும், பில்லுலயும் தனியாக் காட்டணும், வட்டி இருக்கிற தவணையை வட்டியில்லாததுன்னு வேஷம் போட்டுக் காட்டக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லயே உத்தரவு போட்டிருக்கு.

இப்ப கையெழுத்துக்கு வர்றேன். வில்லாபுரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா வாஷிங் மெஷின் வாங்கினாங்க. தவணை மாசம் 1,850. கடையில நீட்டின டேப்லெட்ல "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு"ன்னு கையெழுத்து வாங்கி, ஓடிபியும் கேட்டு வாங்கிட்டாங்க. மெஷினுக்கான தவணை எல்லாம் முடிஞ்சுது. அப்புறமும் கணக்குல இருந்து சின்னச் சின்னதா போய்க்கிட்டே இருந்துச்சு. மேண்டேட்டை எடுத்துப் பார்த்தா உச்சவரம்பு 1,850 இல்லை, 15,000. முடிவுத் தேதி பல வருசம் தள்ளி. அந்த ஒரே அனுமதியில நீட்டிப்பு வாரண்டியும் ஏதோ ஒரு கார்டுக்கு வருசக் கட்டணமும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கையெழுத்து அக்காவோடதுதான். எதுக்குன்னு சொல்லி வாங்கினாங்க? இதைக் கேட்டா "படிக்காம போட்டா அப்படித்தான்"னு சொல்றீங்க. விரல் நுனியில ஓடுற திரையில முப்பது பக்கத்தை நின்னுக்கிட்டே படிச்சவங்க யாராவது இருந்தா முன்னாடி வாங்க.

"வங்கியில ஆளே இல்லை, கவுண்டர்ல இருக்கிறவங்க என்ன செய்வாங்க"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அதுக்காக ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுக்க முடியாதுன்னு சொல்லக்கூடாது.

செய்ய வேண்டியதைச் சொல்றேன். வாயால கேக்காதீங்க, எழுதிக் கொடுங்க. தேதி, தொகை, வரியில விழுந்த பேரு மூணையும் எழுதி, "இந்தப் பிடித்தத்துக்கான மேண்டேட் நகல், யுஎம்ஆர்என், உச்சவரம்பு, முடிவுத் தேதி வேண்டும், நான் அனுமதி அளிக்கவில்லை"ன்னு நாலு வரி போதும். நகல்ல சீல் போட்டு வாங்குங்க, இல்லைன்னா புகார் எண்ணாவது வாங்குங்க. பைனான்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அன்னைக்கே மின்னஞ்சல் போடுங்க: கடன் ஒப்பந்தம், முக்கிய விவர அறிக்கை (கடனோட வட்டி, கட்டணம் எல்லாம் சுருக்கமா இருக்கிற தாள்), பணம் எந்தக் கணக்குக்குப் போச்சு, கடை பில். நிஜமாக் கடன் கொடுத்தவங்களுக்கு இந்த நாலையும் எடுத்துக் கொடுக்க என்ன கஷ்டம்?

நாளைக் கடத்தாதீங்க. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனை பத்தி 2017 ஜூலை 6-ல ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, தப்பு வங்கியோடதும் இல்லை, உங்களோடதும் இல்லைன்னா, வங்கித் தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை. நாலுல இருந்து ஏழு வேலை நாள்னா சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 வரை உங்க தலையில. அதுக்கும் மேல போனா வங்கியோட கொள்கைப்படி. இதுல முக்கியமான வரி: வாடிக்கையாளர்தான் பொறுப்புன்னு நிரூபிக்க வேண்டியது வங்கி. நீங்க இல்லை. அந்தம்மாவும் இல்லை. உங்க பேர்ல யாரோ மோசடியாக் கடனே வாங்கியிருந்தா சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே போன் பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. கோபத்துல கணக்கைக் காலி பண்ணி வைக்கிறது. கணக்குல பணம் இல்லாம பிடித்தம் திரும்பினா வங்கி அபராதம், அதுக்கு ஜிஎஸ்டி, கம்பெனி தனியா ஒரு அபராதம். அதே மாசம் மறுபடியும் போட்டா மறுபடியும் அபராதம். கடன் உண்மையா இருந்துட்டா 2007 பணப் பட்டுவாடாச் சட்டம் 25-வது பிரிவுல செக் பவுன்ஸ் மாதிரி வழக்கே வரும். எழுதிக் கொடுத்து மேண்டேட்டை நிறுத்தச் சொல்றதுதான் முறை.

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, இல்ல மழுப்பல் பதில்னா, இந்த மாதிரிப் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன்கிட்ட போங்க. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்துல பதியலாம், விவரத்துக்கு 14448. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. வங்கிக்கே எழுதாம நேரா அங்க போனா தள்ளுபடி ஆயிடும். நகல்ல சீல் போட்டு வாங்குங்கன்னு சொன்னது அதுக்குத்தான்.

"இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா?" இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப வலிக்குது. பூக்கட்டி, இட்லிக்கடை போட்டுச் சேர்த்த முந்நூறு ரூபாய் அது. கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே எடுக்குறாங்க!

பணம் திரும்பி வந்ததும் விட்டுறாதீங்க. யார் யாருக்கு என்ன கடன் இருக்குன்னு பதிஞ்சு வைக்கிற சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலு நிறுவனத்துலயும் வருசத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கை இலவசம். நீங்க வாங்காத கடன் அதுல நின்னா திருத்தச் சொல்லி அங்கயே புகார் போடுங்க. 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, தாமதமாகுற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வரணும். அதையும் எழுதிக் கேட்டு வாங்குங்க.