எனக்கு ஆப் வேண்டாம், காட்பாடி போய்ச் சேர்ந்தால் போதும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக ஊருக்குக் கிளம்பினேன். ஐடிபிஎல் ஐடி பார்க் வாசலில் இருக்கும் பட்டந்தூர் அக்ரஹாரா ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, கே.ஆர்.புரத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் ரயில்வே ஸ்டேஷனில் காட்பாடி போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் காரியம். பெங்களூரில் வேலை பார்க்கும் வேலூர், ஆம்பூர்க்காரர்களுக்கு இது வாராவாரம் நடப்பது.

சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, இந்த ஒரு காரியத்துக்கு எத்தனை ஆப் திறந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். மழை வருமா என்று பார்க்க ஒன்று. மெட்ரோ டிக்கெட்டுக்கும் தம்பியிடம் பைக் எடுத்து வரச் சொல்லவும் வாட்ஸப். வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க ஒன்று, ஆர்ஏசி கன்ஃபர்ம் ஆகிவிட்டதா என்று பார்க்க இன்னொன்று, அந்த பிஎன்ஆர் நம்பரைத் தேடி எடுக்க எஸ்எம்எஸ். இளநீர்க்காரருக்குக் காசு கொடுக்க ஒன்று. மொத்தம் ஆறு. மாற்றி மாற்றி இருபது தடவையாவது திறந்து மூடியிருப்பேன், ஒரு கையில் குடை, ஈர விரலுக்கு ஸ்கிரீன் வேறு அசையவில்லை.

மெட்ரோ கேட் முன்னால் வந்து நின்றபோது டிக்கெட் கியூஆரைக் காணோம். அபார்ட்மென்ட் குரூப்பில் தண்ணீர் டேங்கர் சண்டை ஓடிக்கொண்டிருந்ததால், அந்த சாட் எங்கோ கீழே போய்விட்டது. பின்னால் நின்றவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார், நல்லதாக இருக்காது. அப்புறம் பிளாட்பாரம் மாறிய தகவல். வந்திருக்கிறது, வராமல் இல்லை. ஒரு பிரியாணி ஆஃபருக்கும் ஒரு கடன் வேண்டுமா சாருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்ததை, வண்டி குப்பம் தாண்டின பிறகு பார்த்தேன். ஸ்டேஷனில் ஒலிபெருக்கி அறிவிப்பு காதில் விழுந்ததால் தப்பித்தேன்.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், இத்தனை விஷயமும் அந்தப் போனுக்கு ஏற்கெனவே தெரியும். டிக்கெட் அதில்தான் இருக்கிறது, நான் மெட்ரோ பக்கம் நடப்பது அதற்குத் தெரியும், மழையும் தெரியும். ஆனால் ஒன்றுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாதபடி தனித்தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறது.

நம் ஹோம் ஸ்கிரீன் பெங்களூர் சிக்பேட்டை கடைத்தெரு மாதிரி. வரிசையாகக் கடை, கடைக்கு ஒரு போர்டு, எது வேண்டுமென்றாலும் உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும். தொண்ணூறுகளில் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியிலேயே இந்தக் கட்டம் கட்டமான ஐகான் இருந்தது, 2007-ல் ஐபோன் அதைப் பளபளப்பாக்கியது, 2008-ல் ஆப் ஸ்டோர் வந்ததும் கடைகள் பெருகின. முதல் ஐபோனில் அத்தனை ஐகானும் ஒரே பக்கத்தில் அடங்கியது, அதற்கு அந்தக் கட்டம் சரிதான். இன்று என் போனில் நூறு ஆப் இருக்கிறது, கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆப்பைத் திறக்காமலே ஹோம் ஸ்கிரீனில் தகவல் காட்டும் பெட்டி, அதாவது விட்ஜெட், இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2009-லேயே வெளியார் விட்ஜெட் செய்ய வழி திறந்துவிட்டார்கள், ஐபோன் ஹோம் ஸ்கிரீனுக்கு அது வர 2020 ஆனது, அதில் பட்டனை அழுத்தி ஏதாவது செய்ய 2023 ஆனது. அப்படியும் பெரும்பாலான போனில் பார்த்தால் கடிகாரம், வானிலை, கூகுள் தேடல் பட்டை, முடிந்தது. காரணம் உண்டு. பேட்டரி தீர்ந்துவிடும் என்று விட்ஜெட்டின் கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் விட்ஜெட் வழக்கமான முறையில் தானாகப் புதுப்பித்துக்கொள்வதற்கு 30 நிமிஷ இடைவெளியாவது வேண்டும். அரை மணி நேரத்தில் வண்டியே போய்விடும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், விட்ஜெட்டும் ஒரு ஆப்பின் பிள்ளைதான். கடை போர்டைக் கொஞ்சம் பெரிசாக எழுதி வாசலில் சாய்த்து வைத்தது போல. பக்கத்துக் கடையில் என்ன விலை என்று அது ஒருநாளும் சொல்லாது.

வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். என்னிடம் லூமியா 520 இருந்தது, விண்டோஸ் போன். அதில் ஒருவர் பெயரைத் தொட்டால் அவருடைய நம்பர், மெயில், ஃபேஸ்புக்கில் போட்ட படம் எல்லாம் ஒரே இடத்தில் வரும். எந்த ஆப் என்று யோசிக்கவே வேண்டாம், ஆளை மட்டும் யோசித்தால் போதும். அதற்கு முன்னாலேயே 2009-ல் பாம் ப்ரீ என்ற போனில் வெவ்வேறு கணக்குகளில் இருக்கும் தொடர்புகளைத் தானே சேர்த்துக் காட்டும் வசதி வந்துவிட்டது. இரண்டும் இன்று கடையில் இல்லை. அந்த லூமியாவை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, ஏன் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். ஆப்புக்கு ஒரு விட்ஜெட் வேண்டாம், காரியத்துக்கு ஒரு அட்டை வேண்டும். 'ஊருக்குப் போறேன்' என்று ஒரு அட்டை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தானாக மேலே வரட்டும். கிளம்பும்வரை மழையும் மெட்ரோவும், கேட் பக்கம் போனால் கியூஆர், ஸ்டேஷனுக்குள் வந்தால் பிளாட்பாரமும் கோச்சும் மட்டும். வண்டி குடியாத்தம் தாண்டியதும், தம்பிக்குச் சொல்லட்டுமா என்று ஒரு பட்டன். வீட்டுக்குப் போனதும் தானாக மறையட்டும். பின்னால் எத்தனை கம்பெனி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியவே வேண்டாம்.

இதை டீக்கடையில் ஒரு நண்பனிடம் சொன்னேன், ஆப் செய்யும் கம்பெனியில்தான் இருக்கிறான். "எல்லாம் சரி மச்சி, அப்புறம் எங்க ஆப்பை எவன் திறப்பான்?" என்றான். அவனுக்கு மாசாமாசம் கேட்கும் கணக்கே எத்தனை பேர் எத்தனை தடவை திறந்தார்கள் என்பதுதானாம். ஆக, தொழில்நுட்பம் போதாமல் நிற்கவில்லை. நாம் கடைக்குள் நுழையாமல் வேலையை முடித்துவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை.

ஆனால் நான் இளநீருக்குக் காசு கொடுத்ததைப் பாருங்கள். அவருடைய கியூஆர் ஒரு கம்பெனி, என் ஆப் வேறு கம்பெனி, இரண்டு பேருக்கும் வேறு வேறு வங்கி. ஸ்பீக்கர் கத்துகிறது, காசு போய்விட்டது. வங்கிகள் தாமாகப் பாசம் வந்து கைகோத்துக்கொள்ளவில்லை, 2016-ல் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ யூபிஐ என்று ஒரு பொது ஏற்பாடு கொண்டுவந்தது, அதில் எல்லோரும் பேச வேண்டியதாகிவிட்டது. நம்ம மெட்ரோ டிக்கெட்டும் 2022-லிருந்து வாட்ஸப்பில் வருகிறது, டிக்கெட் அதன் சொந்த ஆப்பைவிட்டு வெளியே வர முடியும் என்று தெரிந்துவிட்டது. ரயில், பஸ், மழை, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் யூபிஐ மாதிரி ஒரு பொது மொழி இருந்தால் அந்த அட்டையைப் போனே கட்டிக்கொள்ளும். சீனாவில் வீசாட் என்ற சாட் ஆப்புக்குள் 2017-லிருந்து குட்டி ஆப்கள் இருக்கின்றன, அதுபோல எல்லாமே ஒரே ஆப்பில் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சௌகரியம்தான், ஆனால் தெரு முழுக்க ஒரே வீட்டுக்காரர் என்றால் வாடகையை அவர் வைத்ததுதான். எனக்கு அது வேண்டாம். என் பயணம் முழுக்கத் தெரிந்த அட்டை என் போனுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளட்டும், எவனுடைய சர்வருக்கும் போகக் கூடாது.

இன்னொன்று, தமிழில் வைத்தால் விட்ஜெட்டில் 'புறப்ப...' என்று பாதியில் நிற்கிறது. நம் சொல்லின் நீளத்தை யாரும் அளந்து பார்த்துப் பெட்டி செய்யவில்லை.

ஊரில் அம்மா வீட்டுத் தினசரி காலண்டரில் ராகு காலத்துக்குக் கீழேயே பால் கணக்கு, கேஸ் புக் செய்த தேதி, எல்ஐசி கட்ட வேண்டியது, போன வெள்ளித் தாளில் 'பெரியவன் வரான்' என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் நானும் அதையேதான் செய்தேன். முதல் பக்கத்தில் இருந்த ஐகானையெல்லாம் எடுத்துவிட்டு நோட்ஸ் விட்ஜெட் ஒன்றைப் பெரிசாக இழுத்து வைத்திருக்கிறேன். அடுத்த பயணத்தின் பிஎன்ஆர், கோச், சீட், தம்பி நம்பர் எல்லாம் கையால் அடித்தாயிற்று. பிளாட்பாரம் மட்டும் காலி. அதை ஸ்டேஷனில் ஒலிபெருக்கியைக் கேட்டு எழுதிக்கொள்வேன்.