வேலிக்கருவைக்கு மதிப்பெண் இல்லை

அந்தப் பெண் எழுதியது சரி. நேற்று முன்தினம் நான் பகிர்ந்த, என் மாணவி ஒருத்தியின் உயிரியல் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, ‘இரண்டு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா டீச்சர்?’ என்று கேட்ட அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன் என்பதால், முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டேன். திருப்புதல் தேர்வில் இரண்டு மதிப்பெண் போனால் வாழ்க்கை போய்விடாது என்பது எனக்கும் தெரியும். பதினேழு ஆண்டுகளாகச் சிவப்புப் பேனா பிடிப்பவள் நான்.

படத்தைப் பார்க்காதவர்கள் சிலர் இருக்கக்கூடும். ஆக்கிரமிப்பு அயலினம் என்றால் என்ன, ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக என்பது கேள்வி, மூன்று மதிப்பெண். வேற்றிடத்திலிருந்து வந்து, உள்ளூர் உயிரினங்களை ஒடுக்கிப் பரவும் இனம் என்ற வரையறையை எழுதிவிட்டு, அவள் கீழே இப்படி எழுதியிருந்தாள்: ‘எங்கள் ஊர் வேலிக்கருவை. ஆடு மாடு நெற்றைத் தின்னும். விதை செரிக்காமல் சாணியோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். அதற்கு அடியில் புல் வளராது. வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். கண்மாய்க்குள் இறங்கிவிட்டால் கண்மாயே காடாகிவிடும்.’ வேலிக்கருவை என்பது சீமைக்கருவேலத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர். வரையறைக்கு ஒன்று கிடைத்தது. மீதி ஆறு வரிகளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ‘பாடநூலில் உள்ளதை எழுதவும்’ என்று குறிப்பு. தாள்களைப் பள்ளி மாற்றித் திருத்துகிறோம் ஆகையால் திருத்தியவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

அந்த ஆறு வரிகளைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். விலங்குகளின் குடல்வழி விதை பரவுதல் அதில் இருக்கிறது. கடினமான விதையுறை செரிமானத்தில் இளகி முளைப்புக்குத் தயாராவது இருக்கிறது. ஒரு தாவரம் தன் இலைச்சருகின் வேதிப்பொருள்களால் அண்டைத் தாவரங்களை எழவிடாமல் செய்வதும், வெட்டிய அடிமரத்திலிருந்து மறுதுளிர்ப்பதும் இருக்கின்றன. கடைசி வரியில், ஓர் உயிரினம் நுழைந்து ஒரு நீர்நிலையையே வேறொரு வாழிடமாக மாற்றிவிடுவதும் இருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் நாம் தனித்தனித் தலைப்புப் போட்டு நடத்துகிறோம். அவள் தலைப்புகளைப் போடவில்லை, பார்த்ததை எழுதினாள். அவளுடைய அப்பா கரிமூட்டம் போடுகிறவர், அதாவது அந்த மரத்தின் விறகைச் சுட்டுக் கரியாக்குகிறவர். வேலிக்கருவையைப் பற்றி அவளுக்கு நானோ, அந்தத் தாளைத் திருத்தியவரோ சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை.

‘விடைக்குறிப்பு என்று ஒன்று இருப்பது எல்லாருக்கும் ஒரே நீதி கிடைக்கத்தானே?’ என்று ஒரு நண்பர் பொறுமையாகக் கேட்டிருந்தார். இருக்கட்டும். விடைக்குறிப்பில் ‘பொருத்தமான பிற எடுத்துக்காட்டுகளுக்கும் மதிப்பெண் வழங்கலாம்’ என்று ஒரு வரி சேர்ப்பதால் எந்த நீதி குலைந்துவிடும் என்று அவரும் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இதே மரத்தை அவள் ‘புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா’ என்று அறிவியல் பெயரில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் விழுந்திருக்கும். ‘சீமைக்கருவேலம்’ என்றிருந்தால்கூட விழுந்திருக்கலாம். வேலிக்கருவை என்றதால் அப்படியொரு தாவரம் உலகிலேயே இல்லாமல் போய்விட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், வகைப்பாட்டியலாளர்கள் அண்மையில் புரோசோபிஸ் என்ற பேரினத்தைப் பிரித்து, இந்த மரத்தை ‘நெல்டுமா’ என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, நாம் உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கும் பெயரும் பழைய பெயராகிக்கொண்டிருக்கிறது. ஊர்ப்பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

‘நீட் எழுதும் பிள்ளைக்கு ஊர்ப்பெயர் உதவுமா?’ என்கிறார்கள். உதவாதுதான். 180 கேள்விகளில் 90 உயிரியல் என்பதும், அதில் சாணியைப் பற்றியோ புழுக்கையைப் பற்றியோ யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வகுப்பில் நீட் எழுதுகிறவர்கள் நான்கு பேர். மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் உயிரியல் என்ற பாடத்தோடு இதுதான் கடைசிச் சந்திப்பு. அவர்களைக் கணக்கில் எடுப்பவர் யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

நான் மட்டும் பெரிய ஞானி என்று சொல்ல வரவில்லை. என் கதையையும் சொல்கிறேன். காய்ப்புழுவைத் தானே கொல்லும்படி மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் எங்கள் கரிசல் புஞ்சைக்கும் வந்தது. நான் அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் மரபணு, அது உருவாக்கும் கிரை புரதப் படிகம், புழுவின் காரத்தன்மை மிக்க நடுக்குடலில் அது கரைந்து நச்சாகிக் குடற்சுவரில் துளையிடுவது என எல்லாவற்றையும் படம் வரைந்து எழுதி, அந்தப் பருவத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பா விதைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே 450 கிராம் விதைப் பையோடு, தனியாக 120 கிராமில் ஒரு சிறு பொட்டலம். ‘இது என்னத்துக்கும்மா?’ என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ‘கொசுறா இருக்கும்பா’ என்றேன். அவர் அதை வரப்போரம் விட்டெறிந்தார்.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது சாதாரணப் பருத்தி விதை. அதை வயலைச் சுற்றி விதைத்தால், நச்சைத் தின்னாத சாதாரணக் காய்ப்புழுக்கள் அதில் பிழைத்திருக்கும்; நச்சைத் தாங்கும் இயல்புள்ள ஒன்றிரண்டு புழுக்களின் அந்துப்பூச்சிகள் இவற்றோடு இணைசேரும்போது, எதிர்ப்புத் திறன் கூட்டம் முழுவதும் பரவுவது தாமதப்படும். மொத்தத் தொழில்நுட்பமும் அந்தச் சின்னப் பொட்டலத்தை நம்பி நின்றது. நாடு முழுக்க உழவர்கள் அதை விட்டெறிந்தார்கள், எவரும் அவர்களுக்கு விளங்கும்படி சொல்லவில்லை. முதல் தலைமுறைப் பிடி பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டது என்ற அறிவிப்பு 2010-ல் குஜராத்திலிருந்து வந்தது. அதைச் செய்தித்தாளில் படித்த அன்றுதான் அப்பா கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. அதற்குள் அப்பா பருத்தியையே விட்டிருந்தார். கிரை புரதத்துக்கு வாங்கிய மதிப்பெண் பட்டியல் இன்னும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே, ‘பாடநூலில் உள்ளதை எழுதவும்’ என்ற அந்தக் குறிப்பைப் பார்த்தபோது எனக்குக் கோபம் மட்டும் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

எதிர்க்கருத்துகளில் ஒன்றே ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. கமுதிப் பக்கத்து நண்பர் எழுதியிருந்தார்: ‘ஆக்கிரமிப்பு அயலினம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். எங்களுக்கு மழை பொய்த்த வருடமெல்லாம் சோறு போட்டது அந்த மரம்தான்.’ இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. 2017-ல் அந்த மரத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதைத் தொடர்ந்து ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியபோது, கரிமூட்டக்காரர்களின் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவள் நான். விறகை அடுக்கி, சருகு பரப்பி, ஈரமண் பூசி, நெருப்பு வைத்துவிட்டு, எங்கே மண் வெடித்துப் புகை பீறிடுகிறதோ அங்கே ஓடிப்போய்ப் பூசி, இரவெல்லாம் காவல் கிடந்து பிரிக்கும் கரியில்தான் அந்தப் பெண்ணின் பள்ளிச் சீருடை வந்தது. 2022-ல் தமிழக அரசு வெளியிட்ட ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கை, அகற்றுவதோடு நில்லாமல் நிலத்தை மீட்டெடுப்பதையும் பேசுகிறது. மீட்கும் காலத்தில் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்பது தனிக் கேள்வி. ஆனால் நண்பரே, இந்தச் சிக்கலை வகுப்பில் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் அந்தப் பெண்தான். தன் வீட்டுக்குச் சோறு போடும் மரத்தை ‘ஆக்கிரமிப்பு’ என்ற தலைப்பின் கீழ் எழுத அவளுக்கு எவ்வளவு நேர்மை வேண்டியிருந்திருக்கும்! அவளைத்தானே நாம் கோடு போட்டு அடித்தோம்?

எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் ஒன்றும் சூழலியல் பாடத்துக்கு எடுத்துக்காட்டே இல்லாத வறண்ட காடு அன்று. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மீது வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற அயல் கடற்பாசி படர்ந்து மூடியதை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அந்தப் பாசியைக் கடற்கரைப் பெண்கள் ஒரு குளிர்பானத்தின் பெயரால்தான் அழைக்கிறார்கள்; மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது என்று கண்ணை மூடித் தடவிச் சொல்லிவிடுவார்கள். அவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றையாவது அவர்கள் தாளில் எழுதத் துணிவார்களா? எழுதினால் என்ன நடக்கும் என்பதை இனி எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்.

சக ஆசிரியரைப் பொதுவெளியில் அவமானப்படுத்திவிட்டேன் என்று எங்கள் சங்கக் குழுவில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பள்ளியின் பெயரும் மாணவியின் எண்ணும் தெரியாதபடி மறைத்துத்தான் படத்தைப் போட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தாள் திருத்துகிறோம், அதற்கு நடுவே எத்தனை இணையப் பதிவேடு நிரப்புகிறோம் என்று எனக்கும் தெரியும். களைப்பில் நானும் இப்படிக் கோடு இழுத்திருப்பேன், எத்தனை பிள்ளைகளுக்கு என்று எனக்கே நினைவிருக்காது. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தக் குழுவில் ஒருவர்கூட, ‘அந்தப் பெண் எழுதியது சரிதானா?’ என்ற கேள்வியை எழுப்பவில்லையாம்.

தாளை அவளிடம் கொடுத்தபோது, ‘நீ எழுதியது சரிம்மா’ என்று நான் சொன்னேன். அவள் கோட்டைப் பார்த்தாள், குறிப்பைப் பார்த்தாள், பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் வருடத்தில் பாதி நாள் தண்ணீரே நிற்பதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்து அவள் கேட்டதைப் படியுங்கள்.

‘பரவாயில்ல டீச்சர், பப்ளிக்ல ஆகாயத்தாமரைன்னே எழுதிடறேன். அது எப்படி டீச்சர் இருக்கும்?’