வெயில் அடித்தால் மட்டும் போதாது
"அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தால் அருவிக்குத் தைரியமாக இறங்கலாம்" என்று அருவிக் குளியல் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அருவிக்குத் தண்ணீர் வருவது நாம் நிற்கிற இடத்து மழையால் மட்டும் இல்லை, மேலே மலையில் எங்கோ பெய்தாலும் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதை அதற்குள் மறந்துவிட்டோமா? கொல்லிமலை ஆகாய கங்கை அருவியில் நானே பார்த்தேன்: நல்ல வெயில், குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மெல்லக் கலங்கிச் செம்மண் நிறமானது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன, பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் "ஏறுங்க, ஏறுங்க" என்று விரட்டினார், கொஞ்ச நேரத்தில் நாங்கள் துணி வைத்திருந்த பாறையே தெரியவில்லை. அப்புறம், படிக்கட்டு இருப்பதால் ஆகாய கங்கைக்கு வயதானவர்களோடும் போகலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார்; சரி, இறங்குவது சுலபம்தான், 1,000-க்கும் மேற்பட்ட அந்தப் படிகளைத் திரும்ப ஏறும்போதுதான் முட்டி பேச ஆரம்பிக்கும். என் மாமியார் பாதியில் உட்கார்ந்துவிட்டார், கையில் ஒரு வாய் தண்ணீர்கூட மிச்சமில்லை, இருட்டுவதற்கு முன்னால் படிகளுக்கு மேலே இருக்கிற கோயில் பக்கம் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மதியம் 2 மணிக்கு மேல் இறங்கவே இறங்காதீர்கள்.