பயிற்சி பலித்ததா என்று யாரிடம் கேட்பது?

கோபத்தைக் கையாளும் பயிற்சி, பெற்றோருக்கான பயிற்சி, பதற்றத்துக்கான நடத்தைச் சிகிச்சை, பதின்வயதினருக்கான சமூகத் திறன் வகுப்பு என்று எதை எடுத்துக்கொண்டாலும் அதன் கடைசிப் பத்து நிமிடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு தாளை நீட்டுகிறார்கள். சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். வாரக்கணக்கில் தன்னோடு பொறுமையாகப் பேசிய மனிதர் எதிரிலேயே நிற்கும்போது ‘பயனில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க யாருக்கு மனம் வரும்? பாதியில் நின்றுவிட்டவர்களோ அந்த அறையிலேயே இல்லை. அவர்களைத் தேடித் தாள் போவதும் இல்லை. இப்படிச் சேர்ந்த தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டுதான் ‘எங்கள் முறை நிரூபிக்கப்பட்டது’ என்று அறிவிக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மாத்திரையிடம் நாம் கேட்கும் கேள்விகளை, மனிதரின் மனத்தையும் நடத்தையையும் தொடுகிற சிகிச்சையிடம் இன்னும் கறாராகக் கேட்க வேண்டும்.

ஒருவர் உதவி தேடி வருவது எப்போது? நிலைமை மிக மோசமாகி, இனித் தாங்காது என்றான பிறகு. அந்த அடிமட்டத்திலிருந்து பலருக்கு நாளடைவில் கொஞ்சம் மேலேறும். வேலைச் சிக்கல் தீரும், உறக்கம் திரும்பும், உறவு சீராகும். அந்த நேரத்தில் கூடவே ஒரு சிகிச்சையும் நடந்துகொண்டிருந்தால் பெயர் முழுவதும் அதற்குத்தான் போகும். 1952இல் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் கிளப்பிய புயலின் மையம் இதுதான். பதற்றம், மனச்சோர்வு போன்ற ‘நியூரோசிஸ்’ வகைத் தொல்லைகள் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், முறையான உளச்சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்று அவர் எழுதினார். அவர் ஒப்பிட்ட குழுக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்று பலரும் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வியை யாராலும் ஒதுக்கிவிட முடியவில்லை. 1977இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டு, சிகிச்சை பெற்ற சராசரி மனிதரின் நிலை, பெறாதவர்களில் 75 சதவீதத்தினரைவிட மேலாக இருக்கிறது என்று காட்டியதும் அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான். கேள்வி கடுமையாக இருந்ததால்தான் பதிலும் வலுவாக வந்தது.

இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கேம்பிரிட்ஜ்-சாமர்வில் இளைஞர் ஆய்வைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர் வகுத்த திட்டம். 1939இல் தொடங்கியது. சிறுவர்கள் குற்றத்தின் பக்கம் போகாமல் தடுப்பது நோக்கம். குணம், குடும்பம், சூழல் எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் இருவர் இருவராகச் சிறுவர்களைப் பிரித்து, நாணயம் சுண்டி, ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள். மற்றவனை அவன் போக்கில் விட்டார்கள். மொத்தம் 506 பேர். திட்டத்தில் சேர்ந்தவனுக்கு ஓர் ஆலோசகர் இருந்தார். மாதத்துக்குச் சராசரியாக இரண்டு முறை வீட்டுக்கே வருவார். பாடத்தில் பின்தங்கினால் தனிப்பாடம், உடம்புக்கு முடியாவிட்டால் மருத்துவம், கோடையில் முகாம். இது சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட திட்டங்கள் இன்றும் அரிது.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் போனார். அப்போது அவர்கள் நடுவயதைத் தொட்டிருந்தார்கள். பதில் தந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், திட்டம் தங்களுக்கு உதவியது என்றார்கள். சிலர் தங்கள் ஆலோசகரைப் பாசத்தோடு நினைவுகூர்ந்தார்கள். ஆய்வு அதோடு நின்றிருந்தால் இன்றைக்கும் அது ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டிருக்கும். ஆனால் மெக்கார்ட் நீதிமன்றப் பதிவுகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் புரட்டினார். குற்றப் பதிவு உள்ளவர்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். மறுபடி குற்றம் செய்தவர்கள், குடிப்பழக்கத்தின் அறிகுறிகள் காட்டியவர்கள், கடுமையான மனநோய்க்கு ஆளானவர்கள், இளம் வயதிலேயே இறந்தவர்கள் என்று பல அளவைகளில் உதவி பெற்ற பக்கமே மோசமாக இருந்தது. 1978இல் அவர் இதை வெளியிட்டார்.

இதைப் படித்தபோது என்னை உலுக்கியது இதுதான்: நாணயம் சுண்டி விடப்பட்ட அந்த இன்னொரு சிறுவன் இல்லையென்றால், இந்த உண்மை யாருக்கும் தெரிந்திருக்காது. ஆலோசகர்கள் நல்லவர்கள், சிறுவர்கள் நன்றியுள்ளவர்கள், பணமும் உழைப்பும் கொட்டப்பட்டன. எல்லாம் சரியாகத் தோன்றியது. பின்னாளில் மெக்கார்டும் டாம் டிஷியனும் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் போனவர்களிடம் பாதிப்பு அதிகமாகத் தெரிந்தது. தடுமாறும் சிறுவர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது இன்றும் ஒவ்வொரு குழுப் பயிற்சியும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கெடுதல் என்பது அபூர்வமான விபத்தும் இல்லை. விபத்து, தீ, தாக்குதல் போன்றவற்றில் சிக்கியவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை விவரமாகப் பேசச் செய்தால் பின்னாளில் அதிர்ச்சி தங்காது என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். 1997இல் வெளியான ஓர் ஆய்வில் தீக்காயமடைந்த 133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 13 மாதங்கள் கழித்துப் பார்த்தால், அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம்தான். தொடக்கத்திலேயே முதல் குழுவினரின் காயங்கள் சற்றுக் கடுமையாக இருந்தன என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்த, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, பாதிக்கப்பட்டவர்களைக் கட்டாயமாக இதற்கு உட்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றே முடிவு சொன்னது.

சரி, ஒப்பிடுவது என்றால் எதனோடு? இங்கேதான் பல ஆய்வுகள் சுலபமான வழியைத் தேர்ந்தெடுக்கின்றன. காத்திருப்போர் பட்டியலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எந்தச் சிகிச்சையும் நன்றாகவே தெரியும். ‘உங்கள் முறை வரும், பொறுங்கள்’ என்று சொல்லப்பட்டவர் தன் பங்குக்கு வேறெதையும் முயலாமல் காத்திருக்கக்கூடும். நேர்மையான ஒப்பீடு என்பது அதே நேரம், அதே கவனம், அதே அன்பு கொடுத்து, அந்தத் தனிச் சிகிச்சையை மட்டும் கொடுக்காத ஒரு குழுவோடு நடப்பது. அல்லது ஏற்கெனவே நடைமுறையில் உள்ள நல்ல முறையோடு நடப்பது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த மிரியட் ஆய்வு இந்த இரண்டாவது வகை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் வழியாக, நிகழும் கணத்தில் கவனத்தை நிறுத்தும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைக் கற்பித்தார்கள். வழக்கமான சமூக, உணர்வுக் கல்வியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து மாணவர்களின் மனநலத்தில் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. 2022இல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது.

அடுத்தது, யார் சொல்வதைக் கேட்பது என்பது. மருந்தைப்போலச் சிகிச்சையை மறைத்துக் கொடுக்க முடியாது. தான் பயிற்சிக்குப் போகிறோம் என்பது போகிறவருக்குத் தெரியும். ஆனால் அளவிடுபவரிடமிருந்து மறைக்கலாம். ஒழுங்காக நடக்கும் ஆய்வுகளில் மதிப்பீட்டாளர் வேறொருவர். பங்கேற்பவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் வைக்கும் முதல் வேண்டுகோள், ‘நீங்கள் எந்தக் குழுவில் இருந்தீர்கள் என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்’ என்பது. பேச்சுவாக்கில் வாய் தவறி வந்துவிட்டால் அதையும் குறித்துவைத்து, முடிந்தால் இன்னொருவரை அனுப்புகிறார்கள். சிகிச்சை அமர்வுகளைப் பதிவுசெய்து, சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, கையேட்டில் சொன்னதுதான் அறைக்குள் நடந்ததா என்று வேறொருவர் கேட்டு மதிப்பெண் போடுகிறார். அலுப்பூட்டும் வேலைதான். இந்த அலுப்பான வேலை இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறான ஏடிஎச்டி பற்றிய ஆய்வுகளே சாட்சி. எட்மண்ட் சொனுகா-பார்க்கும் அவருடைய குழுவினரும் 2013இல் மருந்தில்லாச் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சியில் தாங்களே பங்கெடுத்த பெற்றோரைப் போன்றவர்கள் அளித்த மதிப்பீட்டின்படி, நடத்தைச் சிகிச்சை குழந்தையின் ஏடிஎச்டி அறிகுறிகளைத் தெளிவாகக் குறைத்திருந்தது. எந்தக் குழு என்று அறியாதவர்களின் மதிப்பீட்டில் அந்தப் பயன் ஏறக்குறைய மறைந்தே போனது. ‘அப்படியானால் எல்லாம் வீண்’ என்று இங்கே தாவிவிடக் கூடாது. அடுத்த ஆண்டில் வந்த தொகுப்பு, மறைத்து அளந்தாலும் பெற்றோர் குழந்தையை நடத்தும் விதம் மேம்பட்டதையும், குழந்தையின் அடங்காத நடத்தைகள் குறைந்ததையும் காட்டியது. கவனக்குறைவு மாறவில்லை, வீட்டில் சண்டை குறைந்தது. ஒரு குடும்பத்துக்கு அது சாதாரண விஷயமா? எதற்குப் பலன் தரும், எதற்குத் தராது என்று பெற்றோரிடம் உண்மையாகச் சொல்ல முடிவது இந்தச் சோதனைகளால்தான்.

திறன் பயிற்சிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வகுப்பில் வருகிற திறன் வாழ்க்கையில் வருகிறதா? 2010இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினி வழி மூளைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்த விளையாட்டுகளில் எல்லாரும் தேறினார்கள். அதை ஒட்டிய வேறு பணிகளுக்குக்கூட அந்தத் தேர்ச்சி போய்ச் சேரவில்லை. சமூகத் திறன் வகுப்பையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை பயிற்சியாளரோடு கண்ணைப் பார்த்துப் பேசி, முறை வைத்துப் பேசி, கேள்வித்தாளில் முழு மதிப்பெண் வாங்கலாம். இடைவேளையில் மைதானத்தில் அவனோடு யார் பேசினார்கள், யாராவது அவனை விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்பதை எத்தனை ஆய்வுகள் எண்ணுகின்றன? எண்ணுவது கடினம் என்பதற்காக எண்ணாமல் விடக் கூடாது.

‘மனித உறவை எண்ணால் அளக்க முடியுமா, தேவைப்படுகிறவருக்குச் சிகிச்சை மறுப்பது அறமா’ என்று சிகிச்சையாளர்கள் பலர் கேட்கிறார்கள். முதல் கேள்வியின் பின்னுள்ள வலி எனக்குப் புரிகிறது. எதிரில் அழுதுகொண்டிருந்த ஒருவர் சில மாதங்களில் சிரித்துப் பேசுவதைக் கண்ணால் பார்த்தவரிடம் ‘அது உங்கள் சிகிச்சையால்தானா’ என்று கேட்பது கொடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் நின்றுபோனவர்களை அவர் பார்க்கவில்லை. இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பலன் தருமா என்றே தெரியாத ஒன்றைத் தராதிருப்பது மறுப்பு ஆகாது. தெரியாத ஒன்றைக் காலமெல்லாம் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் அறத்துக்கு மாறானது.

சோதனை என்றாலே இடித்துத் தள்ளுவது என்ற பயமும் வேண்டாம். அது எவ்வளவோ கொடுத்திருக்கிறது. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் மனச்சோர்வுக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். எண்ணங்களைத் திருத்தும் பகுதி இல்லாமல், ஒருவரைச் சிறுசிறு செயல்களில் மீண்டும் ஈடுபடச் செய்யும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடாக நின்றது. 2016இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வு, உளச்சிகிச்சையில் தொழில்முறைப் பயிற்சி இல்லாத இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த அந்த எளிய முறை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த முழுச் சிகிச்சைக்குக் குறைந்ததில்லை என்று காட்டியது. செலவும் குறைவு. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர், மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத ஆலோசகர்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேரிடம் இதே வகைச் சிகிச்சையைச் சோதித்து, கடும் மனச்சோர்வு குறைவதை 2017இல் காட்டினார்கள். மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் 2015இல், தான் உருவாக்கிய டிபிடி (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) என்ற சிகிச்சையையே பிரித்துச் சோதித்தார். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தைக் குறைப்பதில், திறன் பயிற்சி இருந்த வடிவங்கள் அது இல்லாத வடிவத்தைவிட நன்றாக வேலை செய்தன. தான் வாழ்நாளெல்லாம் கட்டிய ஒன்றைத் தானே பிரித்துப் பார்க்கத் துணிவு வேண்டும்.

வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அரசின் நிதியில் தொடங்கிய 55 மனச்சோர்வுச் சிகிச்சை ஆய்வுகளை 2015இல் ஒரு குழு தேடிப்போனது. 13 ஆய்வுகள் வெளிவரவே இல்லை. அவற்றின் தரவுகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தபோது, சிகிச்சையின் பலன் கால் பங்கு குறைந்தது. அப்போதும் பலன் இருக்கத்தான் செய்தது, ஆனால் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை.

எனவே பயிற்சித் திட்டத்தை வாங்கும் பள்ளிகளும் நிறுவனங்களும் மருத்துவமனைகளும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பீட்டுக் குழுவின் முடிவைக் கேட்டு வாங்க வேண்டும். பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கையையும், யாருக்காவது நிலைமை மோசமானதா என்ற பதிவையும் கேட்க வேண்டும். ‘அப்படி எதுவும் வைத்திருக்கவில்லை’ என்று பதில் வந்தால், சோதனையாகவே தொடங்குங்கள்: பாதி வகுப்புகளுக்கு இந்த ஆண்டு, மீதிப் பாதிக்கு அடுத்த ஆண்டு, யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு.