எலக்ட்ரானிக் நடன இசையில் ஆல்பமும் மிக்ஸும்

ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் வெளியாகும் சிறந்த இசைத் தொகுப்புகளின் பட்டியல்களைப் படிக்கும்போது ஒரு வருத்தம் எனக்குத் தவறாமல் ஏற்படுகிறது. எலக்ட்ரானிக் நடன இசைக்கு அங்கே கிடைக்கும் சில இடங்களும் ஆல்பங்களுக்கே போய்விடுகின்றன; டிஜேக்கள் பல பாடல்களை இடைவெளியின்றி இணைத்துத் தொகுத்து வழங்கும் மிக்ஸ்கள் ஒன்று விடுபட்டுப் போகின்றன, அல்லது தனிப்பட்டியல் ஒன்றில் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. ஆல்பம் என்றால் படைப்பு, மிக்ஸ் என்றால் பிறர் படைப்புகளின் தொகுப்பு என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. இந்த எண்ணம் தவறானது என்பதே என் உறுதியான கருத்து. நடன இசைக்கு இயல்பாக அமைந்த நெடுவடிவம் மிக்ஸ்தான்; நல்ல நடன இசை ஆல்பங்கள்கூட மிக்ஸிடம் பாடம் கற்றுக்கொண்டதால்தான் நல்லவையாக இருக்கின்றன.

இந்த இசை வளர்ந்த முறையைப் பார்த்தாலே இது விளங்கும். சிகாகோவில் ஹவுஸ் இசையும் டெட்ராய்ட்டில் டெக்னோவும் உருவான 1980களில், பாடல்கள் பெரும்பாலும் 12 அங்குல வினைல் தட்டுகளாகவே வெளிவந்தன. அந்தத் தட்டுகளில் பல பாடல்கள் வெறும் டிரம் ஒலியோடு தொடங்கி, நீண்ட நேரம் கழித்தே மற்றக் கருவிகளைச் சேர்த்து, முடியும்போது மீண்டும் டிரம் ஒலியை மட்டும் மிச்சம் வைத்து நின்றன. தனியாகக் கேட்பவருக்கு இந்த முன்பகுதியும் பின்பகுதியும் வெறுமையாகத் தோன்றலாம். ஆனால் அவை இன்னொரு பாடலோடு இணைவதற்காகத் திட்டமிட்டே விடப்பட்ட இடங்கள். அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாக நின்று இரண்டையும் பிணைப்பதைப் போல, ஒரு பாடலின் கடைசித் தாளம் அடுத்த பாடலின் முதல் தாளத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே, இந்த இசையை மதிப்பிடும்போது நான் முதலில் கவனிப்பது இணைப்புகளைத்தான்.

இணைப்பு என்பது இரண்டு பாடல்களின் வேகத்தைச் சமப்படுத்துவதோடு முடிந்துவிடுவதில்லை. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற தட்டுச் சுழற்றியில் வேகத்தை எட்டு விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. வேகம் கூடினால் சுருதியும் கூடவே ஏறும் என்பதால், இரண்டு பாடல்களின் சுருதி உறவையும் டிஜே காதால் கணித்தாக வேண்டியிருந்தது. இன்று கணினியே வேகத்தைச் சமன் செய்துவிடுகிறது, சுருதியையும் திரையில் காட்டிவிடுகிறது. இருந்தும் கடினமான வேலை அப்படியே இருக்கிறது. இரண்டு பாடல்களின் பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலிகள் ஒரே நேரத்தில் முழுமையாக ஒலித்தால் இரண்டுமே கலங்கிவிடும் என்பதால், ஒன்றின் பேஸை எந்த ஆவர்த்தனத்தின் முடிவில் விலக்கி மற்றதை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த நொடியைத் தேர்ந்தெடுப்பதில் டிஜேயின் ரசனை முழுவதும் தெரிந்துவிடுகிறது.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் 1995-இல் வாசித்து, அடுத்த ஆண்டு வெளியான பதிவை இதற்கு முதல் சான்றாகச் சொல்வேன். ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அந்தப் பதிவில் அவர் மூன்று தட்டுச் சுழற்றிகளைக் கையாள்கிறார். பல பாடல்கள் இரண்டு நிமிடம்கூட நிற்காமல் அடுத்ததற்கு வழி விடுகின்றன. கூட்டத்தின் கூச்சல் கேட்கிறது. சில இடங்களில் தாளங்கள் ஒன்றோடொன்று மோதி, பின்பு அவர் கையால் இழுத்துச் சரி செய்யப்படுவதும் கேட்கிறது. இந்தப் பிசிறுகளை ஸ்டுடியோவில் நீக்கியிருந்தால் அந்தப் பதிவு இறந்திருக்கும் என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் ஒரு மனிதர் அந்தக் கணத்தில் யோசித்து முடிவெடுக்கும் வேகம் அவற்றின் வழியாகத்தான் நமக்குக் கேட்கிறது. எந்த ஸ்டுடியோ டெக்னோ ஆல்பமும் இந்த அவசரத்தை எனக்குத் தந்ததில்லை.

அதே 1996-இல் வெளியான, சாஷா, ஜான் டிக்வீட் என்ற இரு டிஜேக்கள் தொகுத்த 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. அவசரமே இல்லாமல் தொடங்கி, நடனத்திற்குரிய அழுத்தமான தாளம் வந்து சேருவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டு, வந்த பிறகும் சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக ஆழத்தைக் கூட்டிச் செல்லும் அந்த இரட்டைக் குறுந்தகட்டில், ஒரு பாடல் எங்கே முடிந்தது என்பதைத் திரையில் எண் மாறுவதைப் பார்த்துத்தான் பல இடங்களில் அறிய முடியும். பொறுமையை இவ்வளவு நம்பிக்கையோடு கேட்பவரிடம் எதிர்பார்த்த மிக்ஸ்கள் அதற்குப் பிறகு குறைவு. இந்த வகையைப் பின்பற்றி வந்த புரோகிரசிவ் ஹவுஸ் தொகுப்புகள் பலவற்றில் மெருகு மட்டும் மிஞ்சியது. இணைப்பு வழுவழுப்பாக இருந்தால் போதும் என்று நினைத்து, இணைக்கப்படும் பாடல்களுக்கு இடையே எந்த மாறுபாடும் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இணைப்பை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு இரண்டு எல்லைகளைக் காட்ட விரும்புகிறேன். ரிச்சி ஹாட்டின் என்ற டிஜே 2001-இல் வெளியிட்ட 'டிஈ9: குளோசர் டு தி எடிட்' ஏராளமான பாடல்களைச் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு லூப்களாக வெட்டி, அவற்றைக் கணினியில் புதிதாகப் பின்னிய தொகுப்பு. அங்கே இணைப்பு என்று சுட்டிக்காட்ட எதுவுமே இல்லை, எல்லாமே இணைப்புத்தான். பெல்ஜியத்தின் டெவேல் சகோதரர்கள் '2 மெனி டிஜேஸ்' என்ற பெயரில் 2002-இல் வெளியிட்ட தொகுப்போ ஒவ்வோர் இணைப்பையும் உரக்கச் சொல்கிறது. டாலி பார்ட்டனின் நாட்டுப்புறப் பாணிப் பாடல் நார்வேயின் ராய்க்சாப் குழுவின் மின்னணு இசைமேல் வந்து அமரும்போது கேட்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. இரண்டையும் நான் மதிக்கிறேன், ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பது முதலாவதைத்தான். வியப்பை நம்பி நிற்கும் இணைப்பு மூன்றாம் முறை கேட்கும்போது பாதி வலுவை இழந்துவிடுகிறது.

இனி ஆல்பங்களுக்கு வருகிறேன். ஹார்ட்னால் சகோதரர்களின் ஆர்பிட்டல் குழு 1993-இல் வெளியிட்ட, பழுப்பு நிற அட்டையால் பெயர் பெற்ற இரண்டாவது ஆல்பத்தை நடன இசை ஆல்பங்களின் இலக்கணம் என்றே சொல்வேன். முந்தைய ஆல்பத்தைத் தொடங்கிவைத்த அதே பேச்சுத் துண்டைக் கொண்டு இதையும் தொடங்கி, கடையில் தவறான தட்டை வாங்கிவிட்டோமோ என்று கேட்பவரை ஒரு கணம் ஐயப்பட வைக்கிறார்கள் ஹார்ட்னால் சகோதரர்கள். பிறகு 'லஷ் 3-1' தொடங்கி 'ரிமைண்ட்' வரை நான்கு பாடல்கள் இடைவெளியே இல்லாமல் ஓடுகின்றன. இது மேடையில் வாசித்துப் பழகியவர்களின் ஆல்பம். ஒரு பாடலின் உச்சம் அடுத்த பாடலுக்கு எவ்வளவு கடன் வைக்கும் என்பதைக் கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள். அண்டர்வேர்ல்ட் குழு 1996-இல் வெளியிட்ட 'செகண்ட் டஃபஸ்ட் இன் தி இன்ஃபன்ட்ஸ்' பதினாறு நிமிடங்களைத் தாண்டும் மூன்று பகுதிப் பாடலோடு தொடங்குகிறது. கோல்டியின் 'டைம்லெஸ்' (1995) இருபத்தொரு நிமிடத் தலைப்புப் பாடலோடு தொடங்குகிறது. இணைப்பு பாடல்களுக்கு இடையில் இல்லாமல் பாடலுக்குள்ளேயே நிகழ்வதால், இவை இரண்டும் ஒரே ஆசிரியரின் மிக்ஸ்களாகவே என் காதுக்கு ஒலிக்கின்றன. ஜான் ஹாப்கின்ஸின் 'இம்யூனிட்டி' (2013) இந்த வழியில் வந்த பிற்காலச் சாதனை. கதவின் பூட்டுத் திறக்கும் ஒலியில் தொடங்கி, முதற்பாதி முழுக்க இறுகிக்கொண்டே போய், பின்பாதியில் மெல்லத் தளர்ந்து, ஓர் இரவின் முழு வளைவையும் ஒரு மணி நேரத்தில் வரைந்துவிடுகிறது.

பிரான்ஸின் டாஃப்ட் பங்க் இரட்டையரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை நிறைவு பெறாது, ஏனென்றால் என் கருத்துக்கு அவர்களைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 'ஹோம்வொர்க்' (1997) கிளப் தட்டுகளின் கரடுமுரடான தொகுப்பு. அந்தக் கரடுமுரடே அதன் அழகு. 'டிஸ்கவரி' (2001) முதற்பாதியில் எட்டிய உயரத்தைப் பின்பாதியில் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, என்றாலும் முதல் பாடலின் கொண்டாட்டம் தேய்ந்து மறைந்ததும் அடுத்த பாடலின் மணியோசை கேட்கும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. ஏறத்தாழ ஆறு வாரங்களில் உருவாக்கப்பட்ட 'ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்' (2005) விமர்சகர்கள் பலரை ஏமாற்றியது. ஒரே சொற்றொடரை அரைத்துக்கொண்டிருக்கும் பாடல்கள் என்றார்கள், தனித்தனியாகக் கேட்டால் அந்தக் குறை நியாயமானதே.

ஆனால் அதே பாடல்கள் 2007 ஜூனில் பாரிஸின் பெர்சி அரங்கில் பதிவான 'அலைவ் 2007' தொகுப்பில் என்ன ஆயின என்று கேட்டுப் பாருங்கள். மூன்று ஆல்பங்களின் பாடல்களும் துண்டு துண்டாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, வறட்சியானவை என்று ஒதுக்கப்பட்ட 2005-ஆம் ஆண்டுப் பாடல்கள் அந்த அடுக்கின் எலும்புக்கூடாக நின்று, மற்ற எல்லாவற்றையும் தாங்குகின்றன. அவர்கள் இசைத்துணுக்குகளை எழுதினார்கள், அவை முழுமை பெற்றது மிக்ஸில்தான். கிராமியின் ஆண்டுச் சிறந்த ஆல்பம் விருதை வென்ற 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' (2013) நேர்த்தியான ஒலிப்பதிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தேர்ந்த வாத்தியக் கலைஞர்களோடு உருவாக்கப்பட்ட, கடந்த காலத்திற்கான அஞ்சலி. அவர்களது முதன்மையான படைப்பு எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் 'அலைவ் 2007' என்பேன்.

எனக்குப் பிடிக்காத ஆல்பங்கள் எவை என்பது இதற்குள் விளங்கியிருக்கும். பாடலுக்கு ஒரு விருந்தினர் பாடகர், மூன்றரை நிமிடம், ஒரு நிமிடத்திற்குள் ஒரு டிராப் (தாளமும் பேஸும் ஒருசேர வந்து இறங்கும் உச்சம்) என்று வானொலிக்காக அளந்து வெட்டப்பட்ட பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஆல்பம் என்று பெயரிடும் வழக்கம் 2010களில் பெருகியது. அவற்றில் நல்ல பாடல்கள் உண்டு. ஆனால் வரிசையை மாற்றினாலும் எதுவும் குறைந்துவிடாத ஒன்றை ஆல்பம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தித் திரையிசையில் வாத்தியக் கலைஞராகப் பணியாற்றிய சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 பேஸ் சிந்தசைசர், டிஆர்-808 டிரம் கருவி, ஜூபிடர்-8 சிந்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து வெளியிட்ட ஆல்பம், 2010-இல் மறுவெளியீடு கண்ட பிறகு உலகெங்கும் பேசப்பட்டது. சிகாகோவில் ஃபியூச்சர் குழு 1987-இல் 303-ஐக் கொண்டு ஆசிட் ஹவுஸ் என்ற ஹவுஸ் இசை வகைக்கு வழி திறப்பதற்கு முன்பே இது வந்துவிட்டது என்பதால், எது முதல் என்ற விவாதமே எங்கும் நடக்கிறது. அந்த விவாதம் அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் 303-இன் இயல்பை ராகத்தின் அசைவுக்கு எவ்வளவு பொருத்தமாக அவர் பயன்படுத்தியிருக்கிறார் என்பதைப் பேச வேண்டும். நிற்காத தாளம், விலகாத ஆதார சுருதி, அவற்றின்மேல் ராகம் மட்டும் மாறிக்கொண்டே போவது என்று அந்த ஆல்பம் ஒரே நீண்ட வாசிப்பாக ஓடுகிறது.

மிக்ஸ் படைப்பாகாது என்பவர்கள் முன்வைக்கும் முக்கியமான வாதம், அதிலுள்ள பாடல்கள் பிறருடையவை என்பது. டிஜே பால் ஓக்கன்ஃபோல்ட் பிபிசி ரேடியோ 1-இன் எசென்ஷியல் மிக்ஸ் நிகழ்ச்சிக்காக 1994 டிசம்பரில் வழங்கிய 'கோவா மிக்ஸ்', திரைப்படப் பின்னணி இசையையும் கோவா டிரான்ஸ் என்ற நடன இசை வகைப் பாடல்களையும் இரண்டு மணி நேரம் பின்னிச் செல்கிறது. அதிலுள்ள பாடல்களைத் தனித்தனியாகத் தேடிக் கேட்டால் பல சாதாரணமானவையே. மிக்ஸில் அவை சாதாரணமாக ஒலிப்பதில்லை. அந்த வேறுபாட்டை உண்டாக்கியவருக்கு ஆசிரியர் என்ற பெயரை மறுப்பது எப்படி நியாயமாகும்? மேலும் எல்லைக்கோடே பல இடங்களில் அழிந்துவிட்டது. லண்டனின் ஃபேப்ரிக் கிளப் 2001 முதல் வெளியிட்ட மிக்ஸ் வரிசையில், ரிக்கார்டோ வில்லலோபோஸ் 2007-இல் தொகுத்த 36-ஆம் தொகுப்பு முழுக்க அவரே உருவாக்கிய இசையால் ஆனது. சாஷாவின் 'இன்வால்வர்' (2004) பிறர் பாடல்கள் ஒவ்வொன்றையும் மறுவார்ப்பு செய்து கோத்தது. இவற்றை எந்தப் பட்டியலில் வைப்பார்கள்?

இப்போது பாடல்களைக் கேட்கும் செயலிகள் இந்த வடிவத்திற்குப் பெருந்தீங்கு செய்கின்றன என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். தொடர்ச்சியான மிக்ஸைத் துண்டுகளாக வெட்டி, கலைத்துப் போட்டு இசைக்க அனுமதிக்கிறார்கள். இணைப்பின் நடுவே வேறொரு பாடல் வந்து விழுகிறது. பழைய தொகுப்புகள் பல, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாடலுக்கும் உரிமை பெற வேண்டியிருப்பதால், முறையான வழியில் கிடைப்பதே இல்லை. மிக்ஸில் ஒலிக்கும் பாடல்களை அடையாளம் கண்டு உரிமையாளர்களுக்குப் பணம் சேர்க்கும் முறையை ஆப்பிள் மியூசிக் 2021-இல் அறிவித்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். மற்றவர்களும் அதைச் செய்ய வேண்டும்.

1990களின் சிறந்த எலக்ட்ரானிக் நடன இசைத் தொகுப்புகளை, ஆல்பம், மிக்ஸ் என்று பிரிக்காமல் ஒரே வரிசையில் எழுதச் சொன்னால், என் முதல் இடம் ஜெஃப் மில்ஸின் டோக்கியோ பதிவுக்கு, இரண்டாம் இடம் ஆர்பிட்டலின் பழுப்பு ஆல்பத்திற்கு, மூன்றாம் இடம் 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' தொகுப்புக்கு. நான்காம் இடத்தில் 'டைம்லெஸ்', அதன் பின் அண்டர்வேர்ல்ட், அதற்கும் பின்னால்தான் 'ஹோம்வொர்க்'. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் வரிசையையும் எழுதுங்கள். ஆனால் தயவுசெய்து அதில் மிக்ஸ்களையும் சேர்த்து எழுதுங்கள்.