2005 தேர்தல் வன்னியின் மனநிலைக்குச் சாட்சி அல்ல

அண்ணா, 'வன்னிச் சனம் வறுமையால் ஜனநாயகத்தை வெறுத்துவிட்டது, 2005 வாக்களிப்பே சாட்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். வறுமை உண்மைதான். 2016 இல் இலங்கை முழுவதற்கும் வறுமை வீதம் 4.1%, வன்னி மாவட்டங்களான கிளிநொச்சியில் 18.2%, முல்லைத்தீவில் 12.7%. ஆனால் 2005ஐ இதற்குள் இழுப்பது பிழை. அந்த ஜனாதிபதித் தேர்தலில் வன்னியில் விழுந்த வாக்குகள் மிகக் குறைவு, ஏனென்றால் அது விடுதலைப் புலிகளின் புறக்கணிப்புக்குள் நடந்தது. வன்னியின் பெரும்பகுதி அப்போது அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாக்குப் போட அரச பகுதிக்குக் கடந்துபோக வேண்டும். அதில் வறுமைக்கு என்ன பங்கு?

போர் முடிந்து 2013 இல் வட மாகாண சபைத் தேர்தல் வந்தபோது, மாகாண வாக்காளரில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் வாக்களித்தார்கள். எங்கள் அம்மம்மா அடையாள அட்டையைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு விடியவே போய் வரிசையில் நின்றவர்.

நம்பிக்கை தேயவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அப்புறம் வருடக்கணக்காகத் தேர்தலே வைக்கப்படவில்லை. 2023 இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் பணமில்லை என்று தள்ளிப்போய், 2025 மே மாதம்தான் நடந்தது. வீதி, குளம், கிணறு என்று சனம் போய்க் கேட்பது இந்தச் சபைகளிடம்தான். தயவுசெய்து இதையும் உங்கள் பதிவில் சேர்த்துத் திருத்துங்கள்.